மாற்றிப் பார்ப்பது பழுது பார்ப்பது ஆகாது

வீட்டில் தனித்தனிப் பாகங்களாக வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் ஒரு நாள் உயிர்வராமல் நின்றுவிட்டால், அதைச் சரிசெய்ய ஒரே வழிதான் உண்டு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வேறொன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். எதை மாற்றியதும் கணினி ஓடுகிறதோ அதுதான் கெட்ட பாகம். சர்வீஸ் கடைகளில் வேலை இப்படித்தான் நடக்கிறது. யூடியூப் காணொளிகளும் இதையே சொல்கின்றன. கணினி தெரிந்த நண்பரைக் கேட்டாலும் "எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாத்திப் பாரு, இல்லைன்னா ராம், அதுவும் இல்லைன்னா போர்டு போச்சு" என்ற வரிசைதான் வரும் (எஸ்.எம்.பி.எஸ். என்பது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி).

இந்த வழிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. கருவி எதுவும் வேண்டாம். மின்னணுவியல் படித்திருக்க வேண்டாம். இன்றைய மதர்போர்டில் பழுதான சில்லைத் தேடிப் பிடித்து மாற்றுவது பெரும்பாலும் கட்டுபடியாகாது என்பதால் எப்படியும் முழுப் பாகத்தையே மாற்றத்தான் போகிறோம். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மூன்றும் மாற்றுவதற்கான காரணங்களே தவிர, பழுதைக் கண்டுபிடிப்பதற்கான காரணங்கள் அல்ல. எதை மாற்ற வேண்டும் என்பது தெரிந்த பிறகு முழுப் பாகத்தையும் மாற்றுவது சரி. எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக மாற்றுவது, விடையை வைத்துக்கொண்டு கணக்கைத் தேடுவது.

இந்த முறையின் அடிப்படைக் கோளாறு, பழுது எப்போதும் ஏதோ ஒரு பாகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. கடையில் முழுதாக வாங்கும் கணினியில் இந்த அனுமானத்துக்குக் கொஞ்சமாவது இடம் உண்டு. அந்தப் பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று ஒரு நிறுவனம் முன்பே சோதித்திருக்கும். வீட்டில் பூட்டிய கணினியின் பாகச் சேர்க்கையை அப்படி எந்த நிறுவனமும் முன்பே சோதித்துத் தருவதில்லை. எனவே அதன் பழுதுகளில் கணிசமானவை பாகங்களுக்கு நடுவில் இருக்கின்றன: சரியாக அமராத இணைப்பு, பொருந்தாத பயாஸ் பதிப்பு, தாங்காத வேக அமைப்பு, போதாத மின்னழுத்தம், கேபினெட்டில் தவறான இடத்தில் விட்டுப்போன ஒரு திருகுக்கால். இவற்றில் எதையும் புதிய பாகம் நேரடியாகத் தீர்க்காது. தீர்த்ததுபோல் தோன்றவைக்கும், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ராமை எடுத்துக்கொள்வோம். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் ஒரு ராம் பட்டையில் 288 தொடுமுனைகள் உள்ளன. தூசியாலோ அரைகுறையாக அமர்ந்ததாலோ அவற்றில் சில சரியாகத் தொடாமல் போனால் திரை கறுப்பாகவே இருக்கும். பழைய பட்டையை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டதும் கணினி ஓடுகிறது. "ராம் போயிருந்தது" என்று தீர்ப்பு வருகிறது. உண்மையில் அந்த ஒரு செயலில் பல காரியங்கள் நடந்திருக்கின்றன: மின்சாரம் முழுமையாக நிறுத்தப்பட்டது, ஸ்லாட்டில் படிந்த தூசி நகர்ந்தது, பட்டை இரு முனையிலும் 'கிளிக்' என்று அமரும் வரை அழுத்தப்பட்டது, பயாஸ் தன் நினைவக அமைப்புகளைப் புதிதாகக் கணக்கிட்டது. இவற்றில் எது பழுதை நீக்கியது என்று மாற்றியவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி பழைய பட்டையைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. பழுது திரும்பி வந்தால் பட்டை குற்றவாளி, வராவிட்டால் இல்லை. மாற்றிப் பார்க்கும் முறையைப் பின்பற்றுபவர்களில் பெரும்பாலோர் இந்தக் கடைசிப் படியைச் செய்வதே இல்லை. கணினி ஓடத் தொடங்கியதும் கேபினெட்டை மூடிவிடுகிறார்கள்.

மாற்றியதும் ஓடியது என்பது நிரூபணம் ஆகாது என்பதற்கு அண்மைக்கால வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை கோர் செயலிகளில் உயர்வகையானவற்றைப் பயன்படுத்தியவர்களின் கணினிகளில் விளையாட்டுகள் பாதியில் அறுந்துபோயின. திரையில் வந்த செய்தி "வீடியோ நினைவகம் போதவில்லை" என்பது. செய்தியை அப்படியே நம்பியவர்களுக்கு கிராபிக்ஸ் கார்டுதான் குற்றவாளியாகத் தெரிந்தது. ஆனால் விளையாட்டின் கோப்புகளைச் சுருக்கத்திலிருந்து விரிக்கும் வேலையில் செயலி செய்த கணக்குப் பிழையே அந்தப் பொருந்தாத செய்தியாக வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரலில் கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியாவே இப்படிப்பட்ட பயனர்களை இன்டெலிடம் போகச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில், செயலியின் உள்நிரலான மைக்ரோகோடில் இருந்த தவறான படிமுறையால் செயலி தேவைக்கு மேலான மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன. பாதிக்கப்பட்ட செயலிகளுக்கு வாரன்டி இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது.

இந்த நிகழ்வில் மாற்றிப் பார்க்கும் முறை இரண்டு தடவை தோற்கிறது. முதலில் கிராபிக்ஸ் கார்டை மாற்ற வைத்துப் பணத்தை வீணாக்குகிறது. அடுத்து, ஒருவர் தற்செயலாகச் செயலியையே மாற்றிவிட்டாலும் கணினி உடனே நன்றாக ஓடும். முறைப்படி பழுது தீர்ந்தது. ஆனால் பயாஸ் பழையதாகவே இருந்தால் அதே மிகை மின்னழுத்தம் புதிய செயலியையும் அரிக்கத் தொடங்கும். சேதமடைந்த செயலியை எந்தத் திருத்தமும் மீட்காது என்பதால் அங்கே பாகத்தை மாற்றுவது அவசியமாகத்தான் இருந்தது. அது மட்டும் போதுமானதாக இல்லை. காரணத்தைத் தெரிந்துகொண்டவர் பயாஸைப் புதுப்பித்துவிட்டுச் செயலியை மாற்றினார். மாற்றிப் பார்த்தவர் இன்னொரு செயலியைப் பலிகொடுக்கத் தயாரானார்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் 6 வரிசை சிப்செட்டில் வடிவமைப்புக் கோளாறு இருப்பதாக அறிவித்தது. அந்த மதர்போர்டுகளில் விநாடிக்கு 3 ஜிகாபிட் வேகமுள்ள சாட்டா போர்ட்டுகள் நாளடைவில் நலியக்கூடும். 6 ஜிகாபிட் போர்ட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. பழுது நீக்கவும் மாற்றித் தரவும் சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்று அந்த நிறுவனம் மதிப்பிட்டது. இப்படிப்பட்ட போர்டில் ஹார்டு டிஸ்க் அடிக்கடி காணாமல் போனால் டிஸ்க்கை மாற்றுவது வீண்செலவு. அதே டிஸ்க்கை, அதே கேபிளோடு, 6 ஜிகாபிட் போர்ட்டில் செருகிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. அது உண்மையையும் காட்டிக்கொடுக்கும். புதுப் பாகம் எதுவும் வாங்காமலேயே ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றும் சோதனை இது.

பாகத்தை மாற்றுவதில் கெடுதல் இல்லை, போனால் நேரம்தான் போகும் என்ற எண்ணமும் சரியல்ல. மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்.களின் கேபிள்கள் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த மின்னழுத்தம் வர வேண்டும் என்பதற்குப் பொதுத் தரம் கிடையாது. பழைய கேபிள்களைக் கேபினெட்டிலேயே விட்டுவிட்டுப் புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் மாற்றினால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய் எஸ்.எஸ்.டி.யும் ஹார்டு டிஸ்க்கும் நொடியில் கருகலாம். ஏ.எம்.4 சாக்கெட்டில் ஹீட்சிங்க்கை நேராக இழுத்தால், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு செயலியும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரலாம். அடியில் உள்ள பின்கள் வளையலாம். இன்டெலின் எல்.ஜி.ஏ. சாக்கெட்டில் மயிரிழைபோன்ற பின்கள் போர்டிலேயே இருப்பதால், செயலி கைதவறி ஒரு மூலை இடித்தாலும் போர்டு போகலாம். கழற்றுவதற்கு முன் இல்லாத பழுது, கழற்றியதால் வருகிறது. பிறகு "போர்டும் போச்சு" என்ற இரண்டாம் தீர்ப்பு.

கருவி எதுவும் வேண்டாம் என்பது இந்த முறையின் முதல் வாதம். கணினியே ஒரு கருவி என்பதை அது மறந்துவிடுகிறது. பவர் பட்டனை அழுத்தியதும் நடப்பவற்றுக்கு ஒரு நிலையான வரிசை உண்டு. எஸ்.எம்.பி.எஸ். தன் மின்னழுத்தங்கள் நிலைத்துவிட்டன என்று போர்டுக்குச் சமிக்ஞை தருகிறது, செயலி விழிக்கிறது, ராம் கண்டறியப்படுகிறது, கிராபிக்ஸ் தயாராகிறது, கடைசியில் இயங்குதளம் உள்ள டிஸ்க் தேடப்படுகிறது. இன்றைய போர்டுகள் பலவற்றில் சி.பி.யு., டி.ரேம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு சிறு எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன. எந்தப் படியில் வேலை நின்றதோ அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விலை கூடிய போர்டுகளில் இரண்டிலக்கக் குறியீடே ஓடும். விளக்கு இல்லாத போர்டில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு ஸ்பீக்கரைச் செருகினால் பீப் ஒலி சொல்லும். டி.ரேம் விளக்கு எரியும்போது ஹார்டு டிஸ்க்கை மாற்றிக்கொண்டிருப்பது, கணினி சொல்லும் பதிலைக் கேட்காமலேயே கேள்வி கேட்பது.

அடுத்த கருவி, எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும் மல்டிமீட்டர். எஸ்.எம்.பி.எஸ். நல்லதா என்று பார்க்க 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது பிரபலமான சோதனை. ஃபேன் சுற்றினால் ஃபேன் சுற்றுகிறது என்பது மட்டுமே அதில் தெரியும். சுமை இல்லாமல் சுற்றும் எஸ்.எம்.பி.எஸ்., சுமை ஏறியதும் படுத்துவிடலாம். கனெக்டர் போர்டில் செருகியிருக்கும்போதே அதன் பின்புறமாக மீட்டர் முனையை நுழைத்து, கணினி ஓடும் நிலையில் அளப்பதுதான் சோதனை. ஏ.டி.எக்ஸ். தரப்படி மஞ்சள் வயரில் 11.40 முதல் 12.60 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 இருக்க வேண்டும். ஊதா வயரில் கணினி அணைந்திருந்தாலும் 5 வோல்ட் நிற்க வேண்டும். அது இல்லையென்றால் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. சாம்பல் வயர்தான் 'எல்லாம் சரி' என்று போர்டுக்குச் சொல்லும் சமிக்ஞை; மின்னழுத்தங்கள் நிலைத்த அரைநொடிக்குள் அது 5 வோல்ட்டை ஒட்டி உயர வேண்டும். எல்லா வயர்களும் கறுப்பாக உள்ள எஸ்.எம்.பி.எஸ்.களில் நிறத்துக்குப் பதில் பின் எண்ணைப் பார்த்து அளக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

திரை கறுப்பாக இருப்பதையே மரணமாக எடுத்துக்கொள்வது இந்த முறையோடு ஒட்டிவந்த இன்னொரு பிழை. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 போர்டில் டி.டி.ஆர்.5 ராம் பூட்டி முதல்முறை ஆன் செய்தால், ராமின் நேர அமைப்புகளைப் போர்டு பழகிக்கொள்ளப் பல நிமிடங்கள் பிடிக்கலாம். அதுவரை திரையில் எதுவும் வராது. அந்த இடைவெளியில் ஏதோ ஒரு பாகத்தைச் சந்தேகித்துக் கழற்றுபவர்கள் அந்தப் பழகலை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள். இன்டெலின் செயலிப் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இயங்காது. மானிட்டர் கேபிளைப் போர்டின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால் படம் வரவே வராது. செயலிக்கென்று தனியாக வரும் 8 பின் மின் கேபிளைச் செருக மறந்தால் ஃபேன்களும் விளக்குகளும் ஜோராக இயங்கும், திரை மட்டும் எழாது. 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000 செயலியைப் பழைய பயாஸ் உள்ள ஏ.எம்.4 போர்டில் வைத்தாலும் இதே கதை. இவற்றில் ஒன்றில்கூட கெட்ட பாகம் இல்லை. மாற்றிப் பார்ப்பவரோ ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவார்.

ராம் கூட்டுவதிலும் இதைக் காணலாம். இரண்டு பட்டைகளோடு நன்றாக ஓடிய கணினியில் அதே மாதிரியான இன்னும் இரண்டைச் சேர்த்ததும் நீலத்திரை வரத் தொடங்குகிறது. ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே சோதித்தால் நான்கும் நல்லவை. ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. உறுதி தரும் வேகம் இரண்டு பட்டைகளுக்கு 5200. நான்கு பட்டைகளுக்கு 3600தான். பயாஸில் ராமின் வேகத்தை உயர்த்தும் எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ போன்ற அமைப்புகள் அந்த உறுதிக்கு அப்பால் ஓட்டிப்பார்க்கும் வேகங்கள். அந்த அமைப்பை அணைத்துவிட்டு மெம்டெஸ்ட்86 போன்ற நிரலை ஓட்டினால் பிழை மறைகிறதா என்று பார்ப்பதே இங்கே சரியான சோதனை. மறைந்தால் பட்டையைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. வேகத்தைக் குறைத்தால் போதும்.

கணினி எழுதிவைக்கும் பதிவுகளையும் படிக்கத் தெரிய வேண்டும். விண்டோஸின் ஈவன்ட் வியூயரில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைக் கண்டதும், பெயரில் பவர் இருப்பதால், எஸ்.எம்.பி.எஸ். வாங்கக் கிளம்புகிறவர்கள் பலர். கணினி முறையாக அணைக்கப்படாமல் மறுபடி எழுந்தது என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறெதையும் சொல்லவில்லை. ரீசெட் பட்டனை அழுத்தினாலும் அதேதான் பதிவாகும். டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197 ஆகிய எண்ணுள்ள வரிகளின் மதிப்பு ஏறினால் டிஸ்க்கின் பரப்பு கெடுகிறது. உடனே தரவைப் படியெடுக்க வேண்டும். 199ஆம் வரியின் மதிப்பு ஏறினால் தரவு வழியில் சிதைகிறது. பெரும்பாலும் அது சாட்டா கேபிள். கேபிளை மாற்றிய பிறகு அந்த மதிப்பு பூஜ்யத்துக்குத் திரும்பாது, ஆனால் அதற்கு மேல் ஏறாமல் நிற்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல டிஸ்க்குகள் குப்பைக்குப் போகின்றன.

பழுது சில சமயம் கேபினெட்டுக்கு வெளியிலேயே இருக்கும். கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும், கணினி அணைந்து எழுகிறது என்றால் தமிழ்நாட்டில் முதல் பலி எஸ்.எம்.பி.எஸ். ஆனால் மின்சாரம் அறுபட்டால் எஸ்.எம்.பி.எஸ். சுமார் 16, 17 மில்லிநொடிதான் தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் 'நார்மல்', 'யு.பி.எஸ்.' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. நார்மலில் இருந்தால் மாறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். ஸ்விட்ச்சைத் தள்ளிவைப்பதோடு முடியும் வேலை அது. கேபினெட்டின் திருகைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறது, டெஸ்டர் வைத்தால் விளக்கு எரிகிறது என்பதும் எஸ்.எம்.பி.எஸ். லீக் என்றே சொல்லப்படுகிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் இரைச்சல் வடிகட்டியில் உள்ள கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். சுவரில் எர்த் வேலைசெய்யாவிட்டால் கேபினெட்டில் மின்னழுத்தத்தின் பாதி, அதாவது ஏறத்தாழ 115 வோல்ட், மிகச் சிறிய மின்னோட்டத்தோடு மிதக்கும். எத்தனை எஸ்.எம்.பி.எஸ். மாற்றினாலும் அது போகாது. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்து.

மாற்றிப் பார்க்கும் முறைக்கு எஞ்சியிருக்கும் வலுவான வாதம் கடையின் வாதம். கடையில் அலமாரி நிறைய, ஓடுவது உறுதியான பாகங்கள் இருக்கின்றன, ஐந்து நிமிடத்தில் மாற்றிப் பார்த்துவிடலாம், அளந்துகொண்டிருக்க நேரமில்லை. கடைக்கு இது பொருந்தும். வீட்டில் பூட்டியவரிடம் அந்த அலமாரி இல்லை. அவர் இந்த முறையைக் கடன்வாங்கினால், கணினிப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ச் சந்தேகம் ஒவ்வொன்றையும் காசுகொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கிய பாகமும் ஓடுவது உறுதியானதல்ல. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கெட்டிருக்கும் பாகங்களும் உண்டு. தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றால் சோதிக்க முடியாது.

காசில்லாமல் அவரால் செய்யக்கூடியது கழித்தல். போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, செயலி, ஹீட்சிங்க், ஒரே ஒரு ராம் பட்டை, எஸ்.எம்.பி.எஸ். ஆகியவை மட்டும் இருக்கும்படி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இந்த நிலையில் உயிர் வந்தால், கேபினெட்டில் போர்டின் பின்புறத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கிய திருகுக்காலையோ, கழற்றிவைத்த பாகங்களில் ஒன்றையோ சந்தேகிக்கலாம். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தால் எதைச் சேர்க்கும்போது நிற்கிறது என்பது தெரிந்துவிடும். உயிர் வராவிட்டால் சந்தேகம் போர்டு, செயலி, ராம், எஸ்.எம்.பி.எஸ். ஆகிய நான்கு பொருள்களுக்குள் சுருங்கிவிடுகிறது. விளக்கும் மீட்டரும் அதை மேலும் சுருக்கும். பயாஸ் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் சி.மாஸை அழித்து அவற்றை ஆதிநிலைக்குக் கொண்டுவருவதும் இதே கழித்தலின் பகுதிதான்.

பாகத்தை மாற்றுவதற்கு இந்த வரிசையில் இடம் இருக்கிறது. அது கடைசி இடம். மூன்று நிபந்தனைகள் கூடினால்தான் மாற்றுவது சோதனையாகும்: மாற்றிப் போடும் பாகம் வேறொரு கணினியில் ஓடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், ஓடத் தொடங்கியதும் பழையதைத் திரும்பப் போட்டு, பழுது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் "போர்டு போச்சு" என்று யார் சொன்னாலும், கடைக்காரரே சொன்னாலும், பணத்தை எடுப்பதற்கு முன் எந்த விளக்கு எரிந்தது, எத்தனை வோல்ட் வந்தது, பழையதைத் திரும்பப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் போர்டை வாங்காதீர்கள்.